ஆஸ்டினுக்குப் புது ஒயர்

புலியகுடி
20-6-1971

சிரஞ்சீவி தம்பி பஞ்சநதத்துக்கு அண்ணன் தியாகேசன் ஆசியுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணி ராஜம்மாளும் சுகம். ஜபல்பூர் வெயிலைப் பற்றிப் பேப்பரில் பார்த்தேன். உடம்பைக் கவனித்துக்கொள்.

நாலு வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அப்பாவின் கருமாதியன்று வாசலில் நின்று இருவரும் பேசிய பேச்சு இரண்டு பேருக்குமே மறந்திருக்காது. அது கிடக்கட்டும். இப்போது உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

அப்பாவின் ஆஸ்டின் கார் வைக்கோல் கொட்டகையில்தான் நிற்கிறது. அதை ஓட்டிவிட வேண்டும் என்று பார்க்கிறேன். தஞ்சாவூரிலிருந்து டயரும் பேட்டரியும் வாங்கி வந்தாயிற்று. கைப்பிடி போட்டுச் சுற்றினால் எஞ்சின் சுற்றுகிறது. ஆனால் பேட்டரியை மாட்டிய மாத்திரத்தில் பானட்டுக்குள்ளிருந்து புகை. திறந்து பார்த்தால், ஒயர்மேல் இருக்கும் துணியும் ரப்பரும் தொட்ட இடத்தில் பொடிப்பொடியாக உதிர்கிறது. உள்ளே செம்புக் கம்பி பல்லிளிக்கிறது. பாதியை எலி தின்றிருக்கிறது.

திருவாரூர் மெக்கானிக் செல்லதுரையைக் கூப்பிடலாம். ஆனால் அவன் ஒரு வண்டியைத் தொட்டால் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சேதி போய்விடும். எனக்கு இப்போது ஊர் வாய் வேண்டாம். நானே செய்துவிடுகிறேன். பட்டாளத்தில் உனக்கு இதுதானே வேலை. எங்கே ஆரம்பிப்பது என்று எழுது. உன் அண்ணிக்கு முழங்கால் வலி. டாக்டரிடம் மாட்டு வண்டியில் கூட்டிப்போக முடியவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தியாகேசன்

*

ஜபல்பூர்
4-7-1971

அன்புள்ள அண்ணனுக்கு, பஞ்சநதம் வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். அண்ணிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? கடுகெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்லுங்கள், இங்கே எல்லாரும் அதைத்தான் தேய்க்கிறார்கள்.

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துதான் பிரித்தேன். படித்துவிட்டு மெஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஸ்பானர் பிடிப்பீர்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

முதல் வேலை, பேட்டரியைக் கழற்றி வண்டியை விட்டுத் தள்ளி வையுங்கள். இரண்டாவது, எதையும் வெட்டாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். இரண்டு முனையிலும் ஒரே நம்பர் எழுதிய சீட்டைக் கட்டுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒயரைக் கழற்றி, அதே நீளத்துக்குப் புதியதை மாட்டி, நோட்டில் அடித்துவிட்டு, அடுத்ததற்குப் போங்கள். மொத்தமாகப் பிடுங்கினால் பிறகு கடவுள் வந்தாலும் சேர்க்க முடியாது.

பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து வருவது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறுவது. நீலம் ஹெட்லைட். கறுப்பு எர்த். பழைய ஒயர் எவ்வளவு தடிமனோ அதற்குக் குறையாமல் புதியது வேண்டும். சூடாகும் புகைக்குழாய்ப் பக்கம் ஒயர் சாயக் கூடாது.

அங்கே காயாரோகணம் எப்படி இருக்கிறான்? அவன் அப்பா அய்யாக்கண்ணு அந்தக் காரை நாள் தவறாமல் துடைப்பார். அப்பாவுக்குத் தெரியாமல் அவனையும் என்னையும் பின் சீட்டில் உட்காரவிடுவார். என் ஒன்பது மா நிலத்தை இப்போதும் அவன்தானே குத்தகைக்குச் செய்கிறான்? விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் நமஸ்காரம்.

தங்கள் தம்பி,
பஞ்சநதம்

*

புலியகுடி
22-8-1971

தம்பி பஞ்சநதத்துக்கு ஆசிகள். எல்லாரும் சுகம். உன் கடுகெண்ணெயை உன் அண்ணி ஒரே நாளில் கைவிட்டாள், நாற்றம் தாங்கவில்லையாம்.

நீ ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னாய். நான் அவசரப்பட்டு ஒரே மத்தியானத்தில் ஏழெட்டைப் பிடுங்கிவிட்டேன். பழுப்பு, வெள்ளை, நீலம் என்று நீ எழுதியதெல்லாம் இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போது எல்லாம் ஒரே நிறம், எலிப்புழுக்கை நிறம். மூன்று நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. பிறகு உன் அண்ணிதான் பழைய சேலையை நாடா நாடாவாகக் கிழித்து, மையால் நம்பர் எழுதி, மிச்சம் இருந்ததற்கெல்லாம் கட்டினாள். முழங்கால் வலியோடு வைக்கோலில் உட்கார்ந்து நோட்டில் எழுதியதும் அவள்தான். அவள் இல்லாவிட்டால் வண்டியை எடைக்குப் போட்டிருப்பேன்.

ஈயம் பற்றவைக்கப் பழகிவிட்டேன். இடது கட்டைவிரல் வெந்துபோய் நகம் கறுத்துவிட்டது. உன்னிடம் சொல்ல வெட்கமில்லை: முதல் ஒயர் பிடித்து நின்றபோது, ஒரு வேலி நிலத்தை அறுவடை செய்து களத்தில் கொட்டியது போல இருந்தது. அப்பா இருந்து பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். உன்னைத்தான் விசாரித்திருப்பார்.

ஒரு சந்தேகம். பேட்டரியில் எந்த முனையைப் பாடியில் சேர்ப்பது? தஞ்சாவூரில் நெகட்டிவ் என்கிறார்கள். வண்டியில் பழைய தடம் பாசிட்டிவ் பக்கம் இருக்கிறது. டைனமோவிலிருந்து கட்-அவுட் பெட்டிக்குப் போகும் இரண்டும் எது எது என்றும் குழம்பிவிட்டது. சம்பா நடவுக்கு முன் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
தியாகேசன்

*

ஜபல்பூர்
5-9-1971

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். சுகமாக இருக்கிறேன். வெந்த விரலில் அழுக்குப் படாமல் துணி சுற்றுங்கள்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அப்பா என்னைத்தான் விசாரித்திருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் என் பெயரையே எடுப்பதில்லை என்றல்லவா நான் நினைத்திருந்தேன். இதை நாலு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். போகட்டும், இப்போதாவது சொன்னீர்களே.

பழைய தடம்தான் சரி. இந்த வண்டியில் பாசிட்டிவ்தான் பாடிக்கு. மாற்றிவிடாதீர்கள். டைனமோவில் பெரிய முனையும் சின்ன முனையும் இருக்கும். பெரியதிலிருந்து வரும் தடித்த ஒயர் பெட்டியில் ‘டி’ என்று போட்ட இடத்துக்கு, சின்னது ‘எஃப்’ என்ற இடத்துக்கு. எல்லாம் முடிந்ததும் பேட்டரியை நேராக மாட்டாதீர்கள். நடுவில் ஒரு பல்பைக் கட்டி மாட்டுங்கள். சாவி போடாமலே பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஒயர் பாடியைத் தொடுகிறது. எரியாவிட்டால் தைரியமாக மாட்டலாம். முழு ஒயரிங்கையும் படமாக வரைந்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. காயாரோகணம் யாரிடமோ சொல்லி எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். புதுச் சட்டப்படி குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிகிறார்களாமே. என் நிலத்துக்கு அவன் மனுக் கொடுத்திருக்கிறான். நிலத்துக்குரியவன் நான் என்பதால் ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி எழுதித் தரக் கேட்கிறான். அவன் கேட்பது நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஊர் நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும். இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொள்வதும் நீங்கள்தான். உங்களைக் கேட்காமல் எழுதினால் மரியாதையாக இருக்காது. எப்படி நல்லதோ அப்படி நீங்களே பேசி முடியுங்கள். நான் அவனுக்குத் தனியாக எழுதவில்லை.

தங்கள்,
பஞ்சநதம்

*

புலியகுடி
10-10-1971

தம்பிக்கு ஆசிகள். இங்கே சுகம்.

பல்பு எரியவில்லை. பேட்டரியை மாட்டினேன். ஹாரன் அடித்தது! கொட்டகைக் கூரையில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. உன் அண்ணி பயந்துபோய், ‘போதுங்க, வெளியில கேக்கப் போவுது’ என்று கையைப் பிடித்தாள். வலது ஹெட்லைட்டும் செல்ஃப் ஸ்டார்ட்டரும் மட்டும் பாக்கி.

நீ வரைந்த படம் வந்தால்தான் அவை முடியும். நல்ல தடித்த காகிதத்தில் பெரிதாக வரைந்து அனுப்பு. கீழே உன் கையெழுத்தைப் போடு, பட்டாளத்து நம்பரும் போடு. கடிதத்தை வேறு காகிதத்தில் எழுது.

காயாரோகணம் விஷயம் எழுதியிருந்தாய். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தியாகேசன்

*

ஜபல்பூர்
2-11-1971

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். சுகம். தாங்களும் அண்ணியும் சுகமென நம்புகிறேன்.

படம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்தும் நம்பரும் எதற்கு என்று புரியவில்லை, கேட்டதால் போட்டிருக்கிறேன். தடித்த கோடு பேட்டரியிலிருந்து வரும் பெரிய ஒயர். மெல்லிய கோடுகள் கிளைகள். செல்ஃபுக்கு மற்ற ஒயர் எதையும் போட்டுவிடாதீர்கள், தீப்பிடித்துவிடும். விரல் கனத்தில் வேண்டும்.

இங்கே வேலை தலைக்குமேல். வண்டிகளைச் சரிசெய்து கிழக்கே அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். எங்களையும் அனுப்பலாம் என்கிறார்கள். கொஞ்ச நாள் கடிதம் வராவிட்டால் அண்ணி பயப்பட வேண்டாம்.

காயாரோகணத்திடம் பேசினீர்களா? அவன் என்ன சொன்னான்? அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள்.

வண்டி ஓடிய அன்றைக்கே எனக்கு எழுதுங்கள். ஊருக்கு வந்தால் நீங்கள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும்.

பஞ்சநதம்

*

புலியகுடி
20-1-1972

தம்பி பஞ்சநதத்துக்கு அண்ணனின் பொங்கல் வாழ்த்து. யுத்தம் முடிந்து நீ பத்திரமாகத் திரும்பிய தந்தி கிடைத்து நானும் உன் அண்ணியும் திருவாரூர்க் கோயிலில் அர்ச்சனை செய்தோம். பிரசாதம் உலர்ந்துவிட்டது, குங்குமம் மட்டும் வைத்திருக்கிறேன்.

வண்டி ஓடுகிறது. மார்கழியிலேயே ஓடிவிட்டது. திருவாரூருக்கு இரண்டு முறை போய் வந்தேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இந்த வட்டாரத்தில் சொந்தக் கையால் காருக்கு ஒயரிங் செய்த மிராசுதார் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அறுவடை நல்லபடியாக முடிந்தது. சட்டம், விவசாயிகள் சங்கம், கொடி என்று சுற்றிலும் ஆள் ஆளுக்கு நிலத்தை இழந்துகொண்டிருக்கிறார்கள். உன் ஒன்பது மா உன்னுடையதாகவே பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி நீ கவலைப்படத் தேவையில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தியாகேசன்

*

புலியகுடி
12-2-1972

அன்புள்ள தம்பிக்கு அண்ணி ராஜம்மாள் எழுதுவது. யுத்தத்திலிருந்து முழு உடம்பாகத் திரும்பினீர்களே, அந்தத் தியாகராஜர்தான் காப்பாற்றினார். நான் சுகம் என்று எழுத வேண்டும். எழுதவில்லை.

இதை உங்கள் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பதிலை என் பெயருக்குப் போட வேண்டாம், திருவாரூரில் என் தங்கை வீட்டு விலாசம் பின்னால் இருக்கிறது.

மார்கழி இருபதாம் தேதி காலை எட்டு மணிக்கு இவர் காரை வெளியே எடுத்தார். காயாரோகணத்தை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ‘ஏறுடா, தாலுகா ஆபீசுக்குப் போய் உன் பேரைப் பதிஞ்சுட்டு வந்துடுவோம்’ என்றார்.

அவன், ‘சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டு பஸ்சுல வந்துடறேங்க ஐயா’ என்றான்.

‘சங்கம் எதுக்குடா நடுவுல? நெலத்துக்காரனே எழுதிட்டான். இந்தா பாரு’ என்று நீங்கள் அனுப்பிய காகிதத்தை நீட்டினார்.

‘சின்னய்யாவா எழுதியிருக்காரு?’

‘கையெழுத்து, பட்டாளத்து நம்பர் எல்லாம் இருக்கு. உன் வயலு, வாய்க்கா, மடை எல்லாம் படமாவே போட்டு அனுப்பிட்டான். இது பெரிய வாய்க்கா. இதெல்லாம் கிளை.’

தம்பி, அது நீங்கள் வரைந்த ஒயரிங் படம். அவனுக்குப் படிக்கத் தெரியாது. அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். ‘இதை நான் வெச்சுக்கலாங்களா?’ என்று கேட்டான். ‘வெச்சுக்க’ என்றார். சீட்டில் உட்காரக் கூச்சப்பட்டுத் துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்து போனான்.

பஸ்ஸில் போயிருந்தால் சங்கத்து ஆள் ஒருவன் கூடப் போயிருப்பான். காகிதத்தைப் படித்துப் பார்த்திருப்பான். அது கூடாது என்றுதான் கார்; அவன் மனுக் கொடுத்தது இவருக்குச் சித்திரையிலேயே தெரியும். அதற்காகத்தான் செல்லதுரையைக் கூப்பிடவில்லை, அவனும் சங்கத்து ஆள். என் முழங்காலைப் பார்க்க இன்றுவரை டாக்டரிடம் போகவில்லை.

ஆபீசில் அவன் கைநாட்டு வைத்த வாக்குமூலத்தின் நகல் வீட்டில் இருக்கிறது. நான் படித்தேன். ‘நான் கூலிக்கு உழுகிறவன். எனக்கு இந்த நிலத்தில் குத்தகை எதுவும் கிடையாது. தவறாக மனுக் கொடுத்துவிட்டேன்’ என்று இருக்கிறது. தன் பெயர் பதிந்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அன்று சாயங்காலம் ஒரு தார் வாழைப்பழமும் வெற்றிலையும் கொண்டுவந்து கொல்லைப்பக்கம் வைத்தான். ‘சின்னய்யாவுக்கு எழுதுங்கம்மா, எம் புள்ளைங்க அவரு பேரைச் சொல்லும்’ என்றான். நான் அந்தப் பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் வெளியூர் ஆட்களை இறக்கி அவன் நட்ட பயிரை அறுத்தார்கள். அவன் ஓடி வந்தான். இவர் நகலைக் காட்டினார். பக்கத்தில் நின்ற ஒருவர் படித்துச் சொன்னார். அவன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். அவன் பெண்டாட்டி நாகம்மாள்தான் இரண்டு கையிலும் மண்ணை வாரி காரின்மேல் தூற்றினாள். ஒரு வாரத்தில் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். வேதாரண்யம் உப்பளத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

எனக்கு முன்கூட்டித் தெரியாது என்று எழுதலாம். பொய்யாகிவிடும். அந்தக் காகிதத்தை அவன் கையில் கொடுத்தபோதே தெரியும். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. அந்தக் காருக்கு நம்பர் எழுதிக் கட்டியதும் நான்தான்.

ராஜம்மாள்

*

ஜபல்பூர்
1-3-1972

அண்ணனுக்கு,

நடந்ததெல்லாம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று தேட வேண்டாம். ஊரே பார்த்திருக்கிறது.

நாலு வருஷம் கழித்து எனக்கு எழுதினீர்கள். நான் ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்து வைத்திருந்தேன். உங்கள் வெந்த விரலைப் பற்றி இங்கே கூட இருப்பவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். அப்பா என்னை விசாரித்திருப்பார் என்று எழுதினீர்களே, அதாவது நிஜமா? அல்லது அதுவும் படம் வரவழைக்கத்தானா? இந்த ஒன்றை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

அந்தப் பயிர் அவன் நட்டது. அந்த நிலம் என்னுடையது. நடுவில் உங்களுக்கு என்ன வேலை? தாசில்தாருக்கு இன்று எழுதுகிறேன். என் நிலத்தைப் பன்னிரண்டு வருஷமாகக் காயாரோகணம்தான் குத்தகைக்குச் செய்கிறான், அந்த வாக்குமூலம் அவனை ஏமாற்றி வாங்கியது என்று எழுதுகிறேன். உங்கள் கடிதங்களையும் இணைக்கிறேன்.

அண்ணி சுகமாக இருக்கட்டும்.

பஞ்சநதம்

*

புலியகுடி
25-3-1972

பஞ்சநதத்துக்கு.

உன் கடிதம் கிடைத்தது. யார் சொன்னது என்று எனக்கும் தெரியும். அவள் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். நான் போகச் சொல்லவில்லை, அவளே போனாள்.

நீ பட்டாளத்துக்குப் போனாய். அப்பாவின் மூத்திரத்தை எடுத்தவன் நான். உச்சவரம்புச் சட்டத்தில் அவர் சேர்த்ததில் பாதிக்குமேல் போகிறபோது ஒவ்வொரு ஆபீசாக நின்றவனும் நான். உழுகிறவனுக்கு நிலம் என்று மேடையில் பேசுகிறவர்களின் சொந்தக்காரர்கள் எப்படியெல்லாம் பெயர் மாற்றி எழுதித் தப்பித்தார்கள் என்று பார்த்தேன். நான் மட்டும் தருமராஜாவாக இருக்க வேண்டுமா? அவன் பெயர் ஒரு முறை ஏறிவிட்டால் உன் பிள்ளைக்கு அந்த மண்ணில் கால் வைக்க உரிமை கிடையாது. உனக்காகத்தான் செய்தேன்.

‘எப்படி நல்லதோ அப்படி நீங்களே பேசி முடியுங்கள்.’ இது நீ எழுதிய வரி. தேதி ஐந்து, ஒன்பதாம் மாதம். அவன் உன்னைத்தான் கேட்டான். ஒரே ஒரு வரி கேட்டான். நீ அவனுக்கு எழுதாமல் எனக்கு எழுதினாய். நல்லவன் என்ற பெயர் உனக்கு வேண்டும், நிலமும் போகக் கூடாது, அழுக்கு மட்டும் என் கையில் படட்டும். அதுதானே? அந்தக் கடிதத்தையும் தாசில்தாருக்கு அனுப்பு. நகல் இல்லாவிட்டால் என்னிடம் அசல் இருக்கிறது.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

தியாகேசன்

*

வேதாரண்யம்
30-4-1972

சின்னய்யாவுக்கு, காயாரோகணம் சொல்ல, உப்பளத்தில் கூட வேலை செய்யும் துரைக்கண்ணு எழுதுகிறேன். அவர் சொல்கிறபடியே எழுதச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

நாங்க இருக்கோம். நாகம்மாளுக்குக் காலெல்லாம் உப்புப் புண்ணு. புள்ளைங்க பரவாயில்லை.

நீங்க போட்ட மூணு கடுதாசியும் வந்துச்சு. மூணையும் துரைக்கண்ணு படிச்சாரு. நீங்க மன்னிப்புக் கேட்டது, தாசில்தாருக்கு எழுதினது எல்லாம் சொன்னாரு. அப்புறம் நான் எங்கிட்ட இருந்த காயிதத்தை எடுத்துக் குடுத்தேன். பெட்டியில சாமி படத்தோட வெச்சிருந்தேன். இதுல எம் பேரு எங்க இருக்குன்னு கேட்டேன். அவரு தேடிப் பார்த்தாரு. பேட்டரி, டைனமோ, ஹாரன்னுதான் இருக்கு, உங்க பேரு எங்கயும் இல்லைன்னாரு. எனக்கு அப்பத்தான் முழுசா வெளங்குச்சு. நெலம் போனதுக்குக்கூட நான் அழுவலைங்க. அன்னிக்கு அழுதேன்.

விசாரணை ஆனி மாசம் முதல் தேதின்னு சங்கத்துல சொல்றாங்க. நீங்க எழுதி அனுப்புனது செல்லாதாம், நேர்ல நின்னு சொல்லணுமாம். எனக்கும் அதான் சரின்னு படுது. இனிமே எனக்குக் கடுதாசி போடாதீங்க. காயிதத்தை நம்பினது போதும். வர்றதுன்னா வாங்க. வந்து நின்னு வாயால சொல்லுங்க.

இப்படிக்கு,
காயாரோகணம் கைநாட்டு

*

தஞ்சாவூர் ரயில் நிலையம்
18-6-1972

அன்புள்ள அண்ணிக்கு, பஞ்சநதம் வணக்கம். உங்கள் தங்கை வீட்டில் வசதியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அங்கே வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். யார் முகத்தையும் பார்க்கிற நிலையில் நான் இல்லை. ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

விசாரணைக்குப் போனேன். அண்ணனும் வக்கீலோடு வந்திருந்தார். மெலிந்துவிட்டார். ஒரே வராந்தாவில் ஒரு மணி நேரம் நின்றோம். அவர் தெருப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே என்னைக் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எனக்கு எழுதியதையும், நான் அவனுக்குப் பதில் போடாததையும் சேர்த்தே சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். காயாரோகணத்தின் வாக்குமூலம் செல்லாது என்கிற இடத்துக்கு வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அப்போது அண்ணனின் வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டினார். அந்த நிலத்தை எனக்கு எழுதிவைத்த அப்பாவின் உயில் செல்லாது, அந்த ஒன்பது மாவும் பாகம் பிரியாத பொதுச் சொத்து, அதைக் குத்தகை என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தனியாக உரிமை இல்லை என்று தஞ்சாவூர்க் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். அது முடியும்வரை பதிவு நிறுத்திவைப்பு. எத்தனை வருஷம் என்று கேட்டேன். வக்கீல் சிரித்தார்.

மறுநாள் நிலத்தைப் போய்ப் பார்த்தேன். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. சுற்றிலும் எல்லாரும் நாற்றங்கால் விட்டிருக்கிறார்கள். அந்த ஒன்பது மா மட்டும் அறுத்த தாளோடு கிடக்கிறது. அண்ணன் உழவில்லை, அவனை உழவிடவும் முடியாது. நான் கரையில் நின்றதை யாரோ பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் பக்கத்தில் வந்து விசாரிக்கவில்லை.

விசாரணை முடிந்த அன்று காயாரோகணம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தான். உடம்பு கறுத்து, கண் இமையெல்லாம் வெளுத்து இருந்தது. டீ சாப்பிடலாம் வா என்றேன். வேண்டாம் என்றான்.

“நீங்க வந்து சொன்னது நெசந்தாங்க. எல்லாத்தையும் ஒளிக்காம சொன்னீங்க. ஆனா ஆவணியில நான் கேட்டப்ப ஒரு வரி போட்டிருந்தா, இத்தனை பேரு இன்னிக்கு இங்க வந்து நிக்க வேண்டியதில்லையே, சின்னய்யா.”





அவனுடைய பஸ் இன்னும் வரவில்லை. என்னுடையது வந்துவிட்டது. படியில் கால் வைத்துத் திரும்பி, “அப்ப நான் வரட்டுமா?” என்று கேட்டேன். எதிரியைக்கூட நம் பக்கத்தில் ‘போயிட்டு வாங்க’ என்றுதானே அண்ணி அனுப்புவோம். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். அதைச் சொல்ல முயன்றான் என்றுகூடத் தோன்றியது.

பிறகு, “போங்க” என்றான்.

தங்கள்,
பஞ்சநதம்